சம்பந்தி வீட்டுச் சரித்திரம்

ஸ்காபரோ
9 பெப்ரவரி 2025, ஞாயிறு

அன்பு மகள் நிலாணிக்கு,

இது அப்பா எழுதுகிற கடிதம். ஒருவரும் எழுதித் தரவில்லை. கோணல் எழுத்தைப் பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்கும். நீ இதை வாசிக்க இரண்டு நிமிஷம் போதும். நான் எழுத வியாழக்கிழமை தொடங்கினேன். இன்றைக்குத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன்.

பிள்ளை, நான் எழுத்துப் படித்துவிட்டேன்! எங்கள் நூலகத்தில் லலிதா ரீச்சர் என்று ஒருவர், திருச்சிப் பக்கம், வயது போனவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். ஏழு வயதில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவன் நான். பிறகு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து முப்பது வருஷம் கோப்பை கழுவினேன். வந்த இங்கிலிஷ் கடிதங்களை எல்லாம் உன் அண்ணன்தான் வாசித்துச் சொன்னான். இப்போது தேயிலைப் பெட்டி, கோயில் நோட்டீஸ், ஊறுகாய்ப் போத்தல், தமிழில் எது கிடைத்தாலும் வாசிக்கிறேன். உன் அண்ணி ஜெசிகா சிரிக்கிறாள். "மாமா, ஊறுகாயைச் சாப்பிடுங்கோ, பாடமாக்காதேங்கோ" என்கிறாள். "ஞ" மட்டும் இன்னும் என்னோடு ஒத்துவரவில்லை.

போனில் நீ ஹலோ சொல்கிறாய், நான் ஹலோ சொல்கிறேன். பிறகு குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறோம். ஆறு வருஷமாக அப்படித்தான். நீ புகாரியைப் பதிவுத் திருமணம் செய்த கிழமை, "இனி இந்தப் படி ஏறாதை" என்று அண்ணன் உனக்குச் சொன்னான். அன்று தொடங்கி நமக்குள் குளிரைத் தவிர வேறு கதை இல்லை. அதனால்தான் கடிதம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் கலியாணம் என்றால் மாப்பிள்ளை பகுதியை விசாரிப்பார்கள். ஆர், எவர், எந்த ஊர், வழக்கு வம்பு உண்டா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ஆட்களா என்றெல்லாம் நாலு பேரிடம் கேட்பார்கள். உன் கலியாணத்துக்கு ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமலே வேண்டாம் என்று சொன்னோம். அந்த வேலையை இப்போது நான் எடுத்திருக்கிறேன்.

லலிதா ரீச்சர் புத்தகத் தட்டில் இருந்து ஒரு தமிழ்ச் சரித்திரப் புத்தகம் எடுத்துத் தந்தார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பேரரசுகளும் இஸ்லாமியப் பேரரசுகளும் எப்படி எழும்பின, எப்படி விழுந்தன என்பது கதை. எனக்கு மருமகள் வேதக்காரி, மருமகன் முஸ்லிம். இரண்டு சம்பந்தி வீட்டுச் சரித்திரமும் ஒரே புத்தகத்தில்! இதைவிட வேறென்ன வேண்டும்? நாளுக்கு ஒரு பக்கம் வாசிக்கிறேன். கடினமான பெயர் வந்தால் அரைப் பக்கம்.

உனக்கு முடிவு தெரிந்திருக்கும். சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் அப்பா
இ. இரத்தினவேல்
(முழுப் பெயரும் நானே எழுதினேன்.)


பிறம்ரன்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையின் மேல் ஜெசிகா அண்ணியின் கையெழுத்தைக் கண்டதும் உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனேன். பனி வாரின சவளைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று கிழித்தேன். முதல் வரியில் அழுகை வந்தது. ஊறுகாய்ப் போத்தலில் சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பனியில் வழுக்கிவிட்டேன் என்று நினைத்து ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க மற்றவர்களின் அப்பாக்கள் சொல்வதை டொக்டருக்கு மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. என் அப்பா சொல்வது எனக்கு நேராக வந்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் அப்பா, உங்கள் விசாரணை எங்கேயோ போகிறது. புகாரியின் ஊர் காயல்பட்டினம். அவருடைய வாப்பாவுக்கு அங்கே ஒரு துணிக்கடை இருந்தது. அவர்கள் வீட்டில் ஒருவரும் குதிரையில் ஏறினதில்லை. கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா எங்க குடும்பத்த ஆயிரம் வருஷத்துக்குப் பின்னாடி போய் விசாரிக்கிறாங்களா? எங்க வாப்பாவுக்கு ஒரு போன் போட்டா போதுமே, நம்பர் தர்றேன்" என்றார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். "பரவால்ல, விசாரிக்கணும்னாவது தோணிச்சே" என்றார்.

எனக்கும் ஒரு சின்னக் கோபம் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரம்கூட இல்லாத தூரத்தில் ஆறு வருஷமாக இருக்கிறோம். உங்கள் பேத்தி அமீராவுக்கு நாலு வயதாகிறது. அவளுக்குத் தாத்தா என்றால் போனுக்குள்ளே இருமுகிற ஒரு ஆள்.

எழுதுங்கள். "ஞ" பிழையாக வந்தாலும் எழுதுங்கள்.

உங்கள்
நிலாணி


ஸ்காபரோ
8 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

சிவராத்திரி எனக்கு முடிந்தது. ஜெசிகாவுக்குத் தவக்காலம் தொடங்கிவிட்டது. உங்கள் வீட்டில் நோன்பு. சம்பந்திமார் எல்லாரும் ஒரே மாதத்தில் பட்டினி கிடக்கிறோம். இதற்காவது ஒற்றுமையாக இருக்கிறோமே.

விசாரணை நன்றாக நடக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் கொர்தோவா என்று ஒரு நகரம். மாப்பிள்ளை பகுதி ஆண்ட இடம். தெருவில் விளக்கு எரிந்ததாம். அரசனின் நூலகத்தில் நாலு லட்சம் புத்தகம் இருந்ததாம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் இன்னும் முடியவில்லை. அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். படிப்புள்ள பகுதி என்று குறித்து வைத்திருக்கிறேன். புகாரா என்று ஒரு பெரிய ஊரும் வந்தது. மருமகனுக்கு அந்த ஊரோடு ஏதும் தொடர்பு உண்டோ என்று கேட்கத்தான் இருந்தேன். காயல்பட்டினம் என்று நீ எழுதியிருந்தாய். சரி, விட்டுவிட்டேன்.

பிறகுதான் சண்டை தொடங்கியது. இரண்டு வீட்டாருக்கும் ஜெருசலேம்தான் பிரச்சினை. பங்குக் கிணறு மாதிரி, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் தண்ணீர் வேண்டும். இரண்டு பேரிடமும் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது. முதலில் ஜெசிகா பகுதி வந்து பிடித்தார்கள். பிடித்த நாளில் நடந்ததை ரீச்சர் வாசிக்க வேண்டாம் என்றார். நான் வாசித்தேன். வாசிக்காமல் விட்டிருக்கலாம். எண்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பகுதி திருப்பிப் பிடித்தது. அப்போது பழிவாங்காமல், மீட்புப் பணம் வாங்கிக்கொண்டு சனத்தைப் போகவிட்டார்கள். காசு இல்லாத ஏழைகள் பலரைச் சும்மாவும் விட்டார்களாம். அதையும் குறித்து வைத்தேன். மனிதத்தன்மை உள்ள பகுதி.

ஆனால் மகள், அதே ஆட்கள் வேறு இடங்களில் வேறு மாதிரியும் நடக்கிறார்கள். இந்தப் பகுதி நல்லது, அந்தப் பகுதி கூடாது என்று எழுதி முடிக்க எனக்கு வரவில்லை. இன்னொரு பக்கத்தில், சிலுவை போட்டுக்கொண்டு ஜெருசலேமுக்குப் போன படை வழியில் திரும்பி, தங்கள் சொந்த வேதக்காரரின் கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்தையே கொள்ளை அடித்தது. நான் ஜெசிகாவிடம் கேட்டேன்.

"என்ன பிள்ளை, உங்கடை ஆக்கள் உங்கடை ஆக்களையே அடிச்சிருக்கினம்?"

"மாமா, உவை ஒருத்தரும் எங்கடை ஆக்கள் இல்லை. நாங்கள் குருநகர்."

"நிலாணியும் புகாரி காயல்பட்டினம் எண்டுதான் எழுதியிருக்கு."

"அப்ப ஏன் உந்தப் புத்தகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

என்ன சொல்வது? விசாரிக்கத் தொடங்கியாயிற்று. இனி இடையில் நிறுத்த முடியாது.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஜெருசலேமில் யேசுவின் கல்லறைக் கோயில் இருக்கிறது அல்லவா? வேதக்காரர் பிரிவுகளுக்குள்ளேயே அதற்குச் சண்டையாம். அதனால் அந்தக் கோயில் கதவின் திறப்பு, ரீச்சரின் பாஷையில் சாவி, இன்றைக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறதாம். காலையில் திறந்துவிடுவதும் இரவில் பூட்டுவதும் வேறு முஸ்லிம் குடும்பமாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்படி ஒரு திறப்பு எங்கள் வீட்டுக்கும் வேண்டும்.

பயமும் இருக்கிறது பிள்ளை. இந்தப் புத்தகத்தில் எழும்பின எல்லாம் விழுகிறது. நல்லவன் கட்டினதும் விழுகிறது. ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வருவதில்லை.

அமீராவுக்கு என் முத்தம். இருமாமல் கதைக்கப் பழகுகிறேன் என்று சொல்லு.

அப்பா


பிறம்ரன்
25 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் எழுத்துப் படித்தது நல்லதாகப் போயிற்று.

நாங்கள் எட்மன்ரனுக்குப் போகிறோம். புகாரி வேலை செய்கிற ட்ரக் கொம்பனி அங்கே புதிதாக ஒரு யார்ட் திறக்கிறது. அவரைப் பொறுப்பாகப் போகச் சொல்லிவிட்டார்கள். இங்கே வாடகை எங்களை விழுங்குகிறது, போகத்தான் வேண்டும். மே 31ஆம் திகதி வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு உங்களுக்கும் எனக்கும் நடுவில் நாலு மணி நேர விமானம். வருஷத்துக்கு ஒருதரம் வருவேன் என்று சொல்லலாம். பக்கத்தில் இருந்தே வராதவள் அங்கிருந்து எப்படி வருவேன்?

போகமுதல் உங்களைப் பார்க்க வேண்டும். கோப்பிக் கடையிலோ மோலிலோ ஒளித்துப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. அண்ணாவின் வீட்டு வாசலால் உள்ளே வந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் அமீராவை நிறுத்தி, "இதுதான் உன் அம்மம்மா" என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா இருந்திருந்தால் அண்ணாவின் காதைப் பிடித்துத் திருகியிருப்பா.

இதைச் செய்யாமல் போய்விடுவேனோ என்று ஒவ்வொரு பெட்டி கட்டும்போதும் நினைக்கிறேன். அண்ணாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் அவன் வேண்டாம் என்பான். நான் அதற்கு ஏதாவது சொல்லிவிடுவேன். அதோடு முடிந்துவிடும்.

நான் இப்படிக் கேட்பது புகாரிக்குத் தெரியாது. நோன்போடு இருக்கிறவரை ஏன் கவலைப்படுத்த வேண்டும்?

நிலாணி


ஸ்காபரோ
13 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை முதலில் அவசரமாக வாசித்தேன். பிறகு மெதுவாக வாசித்தேன். இரண்டு தரமும் எட்மன்ரன் என்றுதான் இருந்தது.

அதற்குள் கொன்ஸ்தாந்திநோபிள் விழுந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. துருக்கிச் சுல்தான் வந்து முற்றுகை போட்டான். நகரத்துக்காரர் துறைமுக வாயிலில் பெரிய இரும்புச் சங்கிலியைக் குறுக்கே கட்டிவிட்டார்கள். ஒரு கப்பலும் உள்ளே போக முடியவில்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? கப்பல்களைத் தரையில் ஏற்றி, கொழுப்புப் பூசின மரங்களின் மேல் இழுத்து, மலையைக் கடந்து மற்றப் பக்கத்தில் இறக்கினான்! கப்பலை, மலைக்கு மேலால்! நான் ஜெசிகாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பெருமையாக இருந்தது. பிறகு நகரத்துக்குள் இருந்த சனத்தை நினைத்தேன். பெருமை போய்விட்டது.

இப்போது கிரனாடா என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். ஸ்பெயினில் மாப்பிள்ளை பகுதிக்கு மிஞ்சின கடைசி நகரம். சண்டை போடாமல் அதை ஒப்படைக்கிறார்கள். அதற்கு ஒரு உடன்படிக்கை. மகள், என்ன அருமையான உடன்படிக்கை! அவரவர் சமயம் அவரவருக்கு. பள்ளிவாசலில் கைவைப்பதில்லை. வீடு, காணி, வழக்கு எல்லாம் பழையபடி. இரண்டு பகுதியும் கையெழுத்து வைக்கிறார்கள். இதை வாசித்த அன்றுதான் அண்ணன் ராகுலனோடு கதைக்கத் துணிவு வந்தது. மே 25, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எனக்கு எழுபத்தைந்து வயது என்று வீட்டில் கேக் வெட்டுகிறான். சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு உன்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன்.

"வரட்டும் அப்பா, நான் தடுக்கேல்லை. ஆனா நாப்பது சனம் வரும். கேள்வி வரும்" என்றான்.

ஜெசிகா குசினியில் இருந்து கேட்டாள். "என்ன கேள்வி? நான் வேதக்காரி எண்டு எனக்கு வராத கேள்வியோ?"

"அது வேறை."

"என்ன வேறை?"

"அது... வேறை, ஜெசி."

"ஓம் ஓம். எனக்குச் சேலையைக் கட்டிப் பொட்டை வைச்சு விட்டா ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. அதுதானே வேறை?"

அவன் எழும்பிப் போய்விட்டான். ஆனால் அடுத்த நாள் தானே வந்து இருந்தான். நானும் அவனும் உடன்படிக்கை பேசினோம். நீ வரலாம். புகாரியும் வரலாம். ஜெசிகா ஹலால் கோழி தனியாக எடுப்பாள். ஒருவரும் உங்களை ஒரு சொல் சொல்ல ராகுலன் விடமாட்டான். அம்மாவின் படத்துக்கு முன்னால் விரும்பின நேரம் நிற்கலாம். இவ்வளவும் அவன் தந்தது. அவன் கேட்டதையும் எழுதுகிறேன். முன் வாசலால் வராமல் பக்கக் கதவால் கீழே இருக்கிற என் அறைக்கு வந்து, சனம் சேர்ந்த பிறகு மேலே வர வேண்டும். கலியாணக் கதை எடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கு முன்னால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அமீராவை ஆரணி என்று கூப்பிட வேண்டும்.

கடைசி விஷயம் எனக்குக் கொஞ்சம் குத்தியது. ஆனால் ஒரு நாள்தானே? இதற்கே அவன் மூன்று தரம் எழும்பிப் போய்த் திரும்பி வந்தவன். கிரனாடாவிலும் இரண்டு பகுதியும் விட்டுக்கொடுத்துத்தானே முடித்தார்கள்? நான் வாசித்த உடன்படிக்கைகளில் அதுதான் திறமானது. நம்முடையதும் அப்படி இருக்கும்.

சம்மதம் என்று எழுது பிள்ளை. உன் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அப்பா


பிறம்ரன்
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சம்மதம்.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேனையைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு விதி உண்டு. ஆள் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. அண்ணா சொன்னதைப் புகாரிக்கு அப்படியே சொன்னேன். அவர் வெளியே போய் வண்டியைக் கழுவினார். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். உள்ளே வந்து, "உனக்காக வர்றேன். மாமாவுக்காகவும் வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

அமீராவுக்கும் சொல்லிப் பழக்க வேண்டுமே. "ஒரு நாள் உனக்கு ஆரணி என்று பெயர், அது ஒரு விளையாட்டு" என்றேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் அம்மா, என்ரை பேர் பழுதாப் போச்சோ?"

இல்லை என்று சொன்னேன். இதைவிட நல்ல பதில் உங்களுக்கு வந்தால் எழுதுங்கள்.

ஆனாலும் வருவோம் அப்பா. உங்களைப் பார்க்காமல் போவதைவிடப் பக்கக் கதவால் வருவது மேல். அன்றைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று இப்போதே பயமாக இருக்கிறது.

நிலாணி


ஸ்காபரோ
14 மே 2025

அன்பு மகளுக்கு,

வர வேண்டாம்.

பதறாதே. முழுவதும் வாசி.

நான் பிழை விட்டுவிட்டேன். உடன்படிக்கைப் பக்கத்தை வாசித்த சந்தோஷத்தில், அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் ராகுலனிடம் போய்விட்டேன். பிறகு பிறந்தநாள் வேலை, ஆட்களைக் கூப்பிடுகிற வேலை என்று புத்தகத்தை ஒரு மாதம் திறக்கவே இல்லை. நேற்றுத்தான் திறந்தேன்.

கிரனாடா உடன்படிக்கை பத்து வருஷம்கூட நிற்கவில்லை மகள். எட்டாம் வருஷத்திலேயே முறிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில், உங்கள் நன்மைக்குத்தான் என்றார்கள். பிறகு புத்தகங்களை முச்சந்தியில் குவித்து எரித்தார்கள். நாலு லட்சம் புத்தகம் என்று துள்ளின எனக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். பிறகு, சமயத்தை மாற்று, அல்லது நாட்டை விட்டுப் போ என்றார்கள். மாறினவர்களையும் சும்மா விடவில்லை. அவர்களுடைய உடுப்பை மாற்றச் சொன்னார்கள். பாஷையை மாற்றச் சொன்னார்கள். பிள்ளைகளின் பெயரை மாற்றச் சொன்னார்கள்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். பி-ள்-ளை-க-ளி-ன் பெ-ய-ரை. வேகமாக வாசிக்கிறவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்குத் தாண்ட முடியாது. ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும்.

ராகுலன் கெட்டவன் இல்லை. அவனுக்குச் சனத்துக்குப் பயம். ஆனால் இந்த முறை ஒரு நாள் பெயரை மாற்றினால், அடுத்த முறை இரண்டு நாள் கேட்பான். நீங்களும் தருவீர்கள். எனக்காக என்று சொல்லித் தருவீர்கள். என் பேத்தி என் வீட்டுக்குள் வேறு பெயரோடு, பக்கக் கதவால் வருவதா? அதற்கு ஒழுங்கு பேசினவன் நானா? இந்த உடன்படிக்கை வேண்டாம். கிழித்துப் போடு.

அமீராவிடம் சொல்லு: அவள் பெயர் பழுதாகவில்லை. தாத்தா அதைக் கொப்பியில் நூறு தரம் எழுதிப் பார்த்திருக்கிறார். வடிவான பெயர். எழுதவும் சுகம். "ஞ" இல்லை.

வாசலில் சங்கிலி போட்டிருந்தால் கப்பலை மலைக்கு மேலால்தான் இழுக்க வேண்டும். நான் வருகிறேன். மே 25, அதே ஞாயிறு. காலையில் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிடுவேன். எனக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது, பஸ் மாறி மாறி வரத் துணிவு இல்லை. மருமகன் வந்து ஏற்றுவாரா? நான் இதுவரை அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை. கேட்டுப் பார்.

இன்னொன்று. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

பதில் உடனே போடு. தபால்காரர் வரும் நேரம் எல்லாம் வாசலில்தான் நிற்பேன்.

அப்பா


பிறம்ரன்
20 மே 2025

அப்பா,

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். இந்தத் தரம் நான் வாசித்துக் காட்டவில்லை, அவரே வாசித்தார். உங்கள் கையெழுத்தில் அவருக்கும் வேகம் வரவில்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். வாசித்துவிட்டு வண்டியைக் கழுவப் போனார்.

நான் பயந்துபோய்ப் பின்னால் ஓடினேன். "மாமா முதல் தடவையா ஏறப் போறாங்க, வண்டி அழுக்கா இருக்கு" என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நூலக வாசலில் நிற்பார். சாம்பல் நிற வான். எங்கள் வீட்டு இலக்கம் 118. வீடு முழுக்கப் பெட்டிகள். இருக்க ஒரு கதிரை மட்டும் கட்டாமல் வைத்திருக்கிறேன்.

நிலாணி


ஸ்காபரோ
25 மே 2025, ஞாயிறு காலை

அன்பு மகன் ராகுலனுக்கு,

நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஹொக்கி விளையாட ஓடினவன். அதனால் இதை ஜெசிகா உனக்கு வாசித்துச் சொல்லுவாள். முப்பது வருஷம் எனக்கு வந்த இங்கிலிஷ் கடிதங்களை நீ வாசித்துச் சொன்னாய். சலிக்காமல் சொன்னாய். கூடாத செய்தி என்றால் குரலை மெதுவாக்கிச் சொல்லுவாய். அதை நான் மறக்கவில்லை. ஜெசிகா, நீயும் கொஞ்சம் மெதுவாக வாசி பிள்ளை.

நான் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. வீட்டை விட்டும் போகவில்லை. திறப்பு என் சட்டைப் பையில் இருக்கிறது. நூலகத்துக்கு என்று நேற்றுச் சொன்னது பாதி உண்மை. அங்கேயிருந்து மருமகன் ஏற்றுகிறார். சப்பாத்தை மூன்று தரம் கழற்றிப் போட்டுவிட்டேன். உனக்குப் பயந்து இல்லை. பேத்தியை முதன்முதலாக என்ன சொல்லிக் கூப்பிடுவது, என்னைப் பார்த்து அழுதுவிடுமோ என்ற பயம்.

நாங்கள் பேசின ஒழுங்கை நான்தான் முறித்தேன். தங்கச்சி முறிக்கவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் தங்கச்சியின் மாப்பிள்ளை பகுதியை விசாரித்தாயா என்று சனம் உன்னைக் கேட்டால், அப்பா விசாரித்துவிட்டார் என்று சொல்லு. எண்ணூறு வருஷத்துக்கு விசாரித்தேன். ஜெசிகாவின் பகுதியையும் சேர்த்து விசாரித்தேன். இரண்டு வீட்டிலும் நகரம் கட்டினவன் இருக்கிறான். இரண்டு வீட்டிலும் நகரம் எரித்தவன் இருக்கிறான். வாக்குக் கொடுத்துக் காப்பாற்றினவனும் முறித்தவனும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். காயல்பட்டினத்துத் துணிக்கடைக்காரரும் குருநகர் ஆட்களும் அதில் ஒரு பக்கத்திலும் வரவில்லை. முழுப் புத்தகத்தையும் தேடிவிட்டேன்.

சுவரில் அம்மாவின் படத்தைக் காணவில்லை என்று தேடாதே. அவவும் என்னோடு வருகிறா. துவாயில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு நாற்பது பேர் வருவார்கள். கேக்கை வெட்ட நான் இருக்க வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு வர ஒருவர் வரத்தானே வேண்டும். மருமகனைக் கொண்டுவந்து விடச் சொல்லி நான் கேட்கமாட்டேன். அந்த மனிதர் உன் வாசலில் நின்று திரும்பிப் போகக் கூடாது. நீ வா. வந்தால், தங்கச்சி கதவைத் திறப்பாள். உன்னிடம் ஒரு நிபந்தனையும் கேட்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருப்பேன். உள்ளே ஒரு கதிரைதான் இருக்கிறதாம். நான் எழும்பி உனக்கு இடம் தருவேன். பிறகு எல்லாருமாக ஒரே வானில், முன் வாசலால் வருவோம். நீ வராவிட்டால் நான் அவர்களோடு இருந்து சாப்பிடுவேன். கேக்கை உன் மகன் மிதுனன் வெட்டட்டும், பேரன் வெட்டினாலும் இனிக்கும்.

தெருவின் பெயர் ஜெசிகாவுக்குத் தெரியும். வீட்டு இலக்கத்தைக் கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன். அதை வாசிக்க உனக்கு ஒருவரும் வேண்டாம்.

அப்பா

118